தடிப்பு வந்த ஜெர்சிக்கு ஜிங்க் ஊசி போடலாமா?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். சென்னிமலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஜெர்சி கலப்பு மாடு, இரண்டு ஈத்து ஈன்றது, இப்போது ஏழு மாதச் சினை. பால் வற்றட்டும் என்று கறப்பதை நிறுத்தினோம். இரண்டாம் நாள் விடியற்காலை பார்த்தால் கண் இமை இரண்டும் வீங்கி, கழுத்திலும் விலாவிலும் தட்டுத் தட்டாகத் தடித்து, மாடு நாக்கை நீட்டி மூச்சு இளைத்துக்கொண்டு நிற்கிறது. அம்மா காணாக்கடி என்று சொல்லி வெற்றிலை, மிளகு, தும்பை அரைத்து வாயில் ஊற்றினார். டாக்டர் வந்து ஏவில் என்ற அலர்ஜி ஊசி போட்டார், மதியத்துக்குள் வற்றிவிட்டது. 20 நாளுக்கு முன் கோமாரித் தடுப்பூசி போட்டிருந்தோம், அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். ஜிங்க் 0.55, குறைவு என்றும், காப்பர் 1.3, மேல்நிலை என்றும் வந்தது. மகள் கோயமுத்தூரில் விலங்கியல் படிக்கிறாள். கினிப்பன்றிக்கு அலர்ஜி வரவைத்துப் பார்த்த ஆராய்ச்சியிலும் இதேபோல ஜிங்க் இறங்கி காப்பர் ஏறியதாம். அப்படியானால் ஜிங்க் குறைந்ததால்தான் மாட்டுக்கு அலர்ஜி வந்ததா? மருந்துக் கடையில் ஜிங்க், செலினியம் ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா? பட்டியில் பத்துப் பதினைந்து மேச்சேரி ஆடும் இருக்கின்றன. மாட்டுக்கு வைக்கும் தாது உப்பையே அவற்றுக்கும் வைக்கலாமுங்களா?

பதில்: ஊசியைப் போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எழுதுவதைப் படித்து முடிப்பதற்குள் கடைக்குப் போய்விடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் லேப் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. கறப்பதை நிறுத்தினோம், இரண்டாம் நாள் தடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போன ஈத்துக்கு முன்னால் பால் வற்றவிட்டபோதும் இமை வீங்கியதா? குளவி கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டீர்களா? பெரும்பாலும் 'ஆமாங்க' என்றுதான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் கோபி பக்கம் ஒரு தோட்டத்துக்கு இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். அதுவும் ஜெர்சிதான். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உடம்பெல்லாம் கல்லடி பட்டதுபோலத் தடிப்பு. சிறு தோசை அளவுக்கு ஒவ்வொன்றும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலே வந்தது. பாம்பு கடித்திருக்கும் என்று ஊரே கூடிவிட்டது. நான் ஊசியைப் போட்டுவிட்டு மடியைத் தொட்டேன், பாறையாக இருந்தது. வீட்டம்மாவைக் கறக்கச் சொன்னேன். "வத்தவிட்ட மாடுங்க, கறந்தா மறுபடி சொரந்துக்குமுங்க" என்று அவருக்கு மனசே இல்லை. இருந்தாலும் கறந்தார். நாலு காம்பையும் ஒட்டக் கறந்து முடித்த கொஞ்ச நேரத்தில் மாடு பெருமூச்சு விட்டுக் குனிந்து சோளத்தட்டைக் கடிக்க ஆரம்பித்தது. கூடியிருந்தவர்கள் ஊசி வேலை செய்தது என்றார்கள். பாதி வேலை அந்தம்மாவின் கை செய்தது.

இதற்குப் பால் அலர்ஜி என்று பெயர். மாட்டுக்குத் தன் பாலே ஆகாமல் போவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கால்நடை மருத்துவத்தில் வெகுநாளாகத் தெரிந்த விஷயம். ஜெர்சி, கெர்ன்சி இனங்களில் அதிகம் பார்க்கிறோம், சில தாய்வழிகளில் தொடர்ந்து வரும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் மடிக்குள் இருக்கும்வரை ரத்தம் அதைப் பார்ப்பதில்லை. கறக்காமல் விட்டு மடியில் அழுத்தம் ஏறினால் அது கசிந்து ரத்தத்துக்குள் வருகிறது. இந்த மாதிரி மாடுகளின் உடம்பு அதை அந்நியன் என்று முன்பே குறித்து வைத்து, ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. அந்த ஐஜிஇ தோலிலும் நுரையீரலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கேசீன் வந்து தொட்டதும் செல் தன் மூட்டையைக் கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமினும் இன்னும் சில ரசாயனங்களும் வெளியே வந்து ரத்தக்குழாய் கசிந்து, தோல் தடித்து, இமை வீங்கி, மூச்சு இளைக்கிறது.

தடுப்பூசிமேல் உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயம்தான். ஆனால் ஊசியால் வரும் இந்த வகை அலர்ஜி சில நிமிடங்களில் வரும், போனால் சில மணி நேரம். 20 நாள் காத்திருக்காது. கோமாரி ஊசியை அடுத்த முறையும் தவறாமல் போடுங்கள். போட்டதும் மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிடாமல் அரை மணி நேரம் கண்முன் கட்டி வையுங்கள், அது போதும்.

அம்மாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிலை, மிளகு, தும்பையில் தப்பில்லை. இளைத்துக்கொண்டு நிற்கிற மாட்டின் வாயைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றக்கூடாது. புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். அலர்ஜியில் பிழைத்த மாடு நிமோனியாவில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மகள் படித்த ஆராய்ச்சிக்கு வருவோம். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவே மாட்டேன். லேப் காகிதத்தையும் ஆராய்ச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

மிருகத்துக்கு வேண்டுமென்றே அலர்ஜி வரவைத்துப் பார்க்கும் கதை ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது. பிரான்சில் ஷார்ல் ரிஷே என்ற உடலியல் அறிஞரும் பால் போர்ட்டியரும் 1901-இல் மொனாக்கோ அரசரின் கப்பலில் போனபோது கடல் சொறிமீன் இனத்தின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பிய பிறகு கடல் அனிமோன் என்ற பிராணியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நெப்டியூன் என்ற திடமான நாய் முதல் ஊசியைச் சாதாரணமாகத் தாங்கியது. 22 நாள் கழித்து அதே அளவு ஊசி. சில விநாடிகளில் மூச்சுத் திணறி, நிற்க முடியாமல் விழுந்து, ரத்த வாந்தி எடுத்து, 25 நிமிடத்தில் செத்துப்போனது. முதல் ஊசி பாதுகாப்பைத் தரும் என்று பார்த்தால் ஆபத்தைத் தந்திருந்தது. பாதுகாப்புக்கு நேரெதிர் என்ற பொருளில் 1902-இல் அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மாட்டுக்குப் போன ஈத்தில் கொஞ்சம், இந்த ஈத்தில் கூடுதலாக வந்திருந்தால் அது நெப்டியூன் போன பாதைதான்.

அதன்பின் கினிப்பன்றிதான் இந்த ஆராய்ச்சிக்கு வாகான பிராணியாகிவிட்டது. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை ஊசியில் கொடுத்து இரண்டு மூன்று வாரம் விடுவார்கள். மறுபடி அதே புரதத்தை ஊசியிலோ புகையாகவோ கொடுத்தால் மூச்சுக்குழல் சுருங்கி அது திணறும். அப்போது ரத்தம் எடுத்து எதிர்ப்புரதம், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள், துத்தநாகம், தாமிரம், இரும்பு எல்லாம் பார்ப்பார்கள். கடையில் ஜிங்க், காப்பர் என்பதைத்தான் துத்தநாகம், தாமிரம் என்கிறேன்.

இங்கே ஒன்றை மகளிடம் கேளுங்கள். அந்த ஆராய்ச்சியில் ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தமும் இருந்திருக்கும், வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட இன்னொரு கூட்டமும் இருந்திருக்கும். முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்று அதனால்தான் அவர்களால் சொல்ல முடிகிறது. நம் கையில் இருப்பது 'பின்பு' மட்டும். உங்கள் மாட்டின் துத்தநாகம் போன மாதம் எவ்வளவு இருந்தது? யாருக்கும் தெரியாது.

அப்புறம், பிராணிக்குப் பிராணி அடி விழும் இடம் வேறு. கினிப்பன்றிக்கு மூச்சுக்குழல், நாய்க்கு ஈரல், முயலுக்கு நுரையீரல் ரத்தக்குழாயும் இதயத்தின் வலப்பக்கமும். மாட்டுக்கு நுரையீரல்தான், ஆனால் கினிப்பன்றியைப்போல ஹிஸ்டமின் ஒன்றே அங்கே ராஜா இல்லை, லூகோட்ரையீன் போன்ற வேறு பொருள்களுக்கும் பெரிய பங்கு உண்டு. சில மாடுகளுக்கு ஏவில் மட்டும் போட்டு முழுசாகக் கேட்காமல் போவது இதனால்தான். மூச்சு முட்டுகிற நிலைக்குப் போனால் அட்ரினலின் வேண்டும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஸ்டீராய்டு ஊசி கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். முற்றிய சினையில் அது கன்றைக் கலைத்துவிடலாம். உங்கள் டாக்டர் அதைத் தொடாமல் விட்டது அனுபவம்.

துத்தநாகம் இறங்கி தாமிரம் ஏறுவது என்ன கணக்கு என்பதுதான் உங்கள் கேள்வியின் நடு முடிச்சு.

கீழ்பவானி வாய்க்கால் உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில்தானே ஓடும்? ஒருநாள் காலையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தால் பவானிசாகர் அணை வறண்டுவிட்டது என்றா சொல்வோம்? மேலே மதகை இறக்கியிருக்கிறார்கள் என்போம். மாட்டின் உடம்பில் இருக்கும் மொத்தத் துத்தநாகத்தில் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் தசையிலும் எலும்பிலும் ஈரலிலும் தோலிலும் இருக்கிறது. காய்ச்சலோ, காயமோ, கடுமையான அலர்ஜியோ வந்தால் பாதுகாப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற சேதிகளை அனுப்புகின்றன. ஈரல் அந்தச் சேதியைக் கேட்டு மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகமாகச் செய்து, ஓடுகிற துத்தநாகத்தை உள்ளே இழுத்துக் கட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் சீரத்தில் எண் இறங்கிவிடும். உடம்பிலிருந்து எதுவும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இரும்பும் இதேபோல ஒதுங்கும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக்கூடாது என்று ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அதைப் பூட்டி வைக்கிறது. தாமிரம் மட்டும் எதிர்த்திசையில் போவதற்குக் காரணம், அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை அதே சேதியைக் கேட்டு ஈரல் கூடுதலாகச் செய்து ரத்தத்தில் விடுவதுதான். சீரத்தில் இருக்கும் தாமிரத்தில் பெரும்பங்கு அந்த வண்டியில்தான் ஏறி வரும். வண்டி கூடினால் தாமிரமும் கூடும். ஆக, துத்தநாகம் கீழே, தாமிரம் மேலே என்ற ஜோடியைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, இந்த உடம்பு எதனோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்பது. உங்கள் மாடு போட்ட சண்டை எது என்று நமக்கு முன்பே தெரியும்.

லேபைப் பற்றி ஒரு வார்த்தை. படிக்கிற காலத்தில் நான் ஒருமுறை துத்தநாகம் பார்க்கச் சாதாரண ரப்பர் மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்துக்கொண்டு பெருமையாகப் போய் நின்றேன். எல்லா மாட்டுக்கும் எண் வானத்தைத் தொட்டது. ரப்பரிலேயே துத்தநாகம் இருக்கிறது, அது ரத்தத்தில் கரைந்துவிட்டது என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சிவப்பணு உடைந்து சீரம் சிவந்தாலும் எண் ஏறிவிடும், அணுவுக்குள் துத்தநாகம் அவ்வளவு அதிகம். இந்தத் தப்புகளெல்லாம் எண்ணைக் கூட்டும், உங்களுடையது குறைந்திருக்கிறது. அதனால் குறைவு நிஜம்தான் என்றே எடுத்துக்கொள்கிறேன். மாட்டுக்குச் சாதாரணமாக மில்லிலிட்டருக்கு 0.8 முதல் 1.2 மைக்ரோகிராம் வரை இருக்கும், 0.55 அதற்குக் கீழேதான். ஆனால் தடிப்பு வந்த மறுநாள் எடுத்த ரத்தத்தை வைத்து மாட்டுக்குப் பற்றாக்குறை என்று எழுத மாட்டேன். நாலு வாரம் கழித்து, மாடு நன்றாகத் தின்று அசைபோடும் நாளில், பக்கத்தில் கட்டியிருக்கும் இன்னும் இரண்டு மாடுகளோடு சேர்த்து எடுங்கள். தீவனத்தில் குறை என்றால் மூன்றும் இறங்கியிருக்கும்.

இதற்காகத் துத்தநாகத்துக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சம்பந்தம் நிறைய உண்டு. துத்தநாகம் நாள்பட்டுக் குறைந்த பிராணிக்கு, எதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்கிப்போகும். ஃப்ரீசியன் இனத்தில் பிறவியிலேயே துத்தநாகத்தை உறிஞ்ச முடியாத கன்றுகள் உண்டு. சில வாரத்தில் மூக்கையும் கண்ணையும் சுற்றித் தோல் தடித்து உரிந்து, கிருமிக்கு எளிதாக இரையாகும். துத்தநாகம் கொடுத்தால் தேறும், நிறுத்தினால் திரும்ப விழும். சுண்டெலிகளில் பார்த்ததில், துத்தநாகம் குறைந்தவற்றுக்கு மூச்சுக்குழல் அலர்ஜி மோசமாகிறது. ஆனால் அது வாரக்கணக்கில் தீவனத்தில் பட்டினி போட்டு வந்த குறை, ஒரு ராத்திரியில் இறங்கிய எண் இல்லை. உங்கள் மாட்டுக்கு நிஜமான குறை இருந்தால் கண்ணாலேயே தெரிய ஆரம்பிக்கும். மூக்கோரம், கழுத்து, பின்னங்கால் மடிப்பில் தோல் சொரசொரப்பாகப் பிளக்கும், முடி கொட்டும், குளம்பு கெடும், சின்னக் காயம்கூட ஆறாமல் இழுக்கும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை.

ஊசி வேண்டாம் என்றதற்குக் காரணம் இது மட்டுமில்லை. செலினியத்தில் தேவைக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி குறுகல். அதைவிட, செலினியமும் வைட்டமின் ஈயும் கலந்த ஊசிக்கே அனாஃபிலாக்சிஸ் வந்த மாடுகள் உண்டு. அலர்ஜிக்காரியின் கழுத்தில் இன்னொரு அலர்ஜியை ஏற்றுவானேன்? துத்தநாகமும் அளவு மீறினால் குடலில் தாமிரத்தை உறிஞ்சவிடாது. பிறகு தாமிரத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

தாது உப்புக் கலவையைத் தினம் 30 முதல் 50 கிராம் வரை தீவனத்தில் கலந்து வையுங்கள். கை அளவில் அள்ளிப் போட்டுவிடாமல், ஒருநாள் தராசில் நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு டப்பாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் சோளத்தட்டும் தவிடுமாகத் தின்னும் மாட்டுக்கு இது அவசியம். கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலங்காயும் மேய்கிற காங்கேயம் மாட்டின் தீவனக் கணக்கு வேறு, கட்டிப்போட்டுத் தீனி வைக்கிற ஜெர்சியின் கணக்கு வேறு.

இப்போது மாட்டை என்ன செய்வது? தடிப்பு வற்றியதோடு விஷயம் முடியவில்லை, மடியில் இன்னும் பால் கட்டியிருக்கலாம். மடி கல்லாக இருந்தால் ஒட்டக் கறந்து விடுங்கள். பால் சட்டென்று நிற்காத மாட்டை ஒரே நாளில் நிறுத்தியதுதான் வினை. அடர்தீவனத்தைக் குறைத்து, பாலைத் தானாக இறங்கவிட்டு, மிகவும் குறைந்த பிறகு, உங்கள் டாக்டர் வந்துபோகக்கூடிய நாளாகப் பார்த்து நிறுத்துங்கள். நிறுத்திய முதல் நாலைந்து நாள் காலையும் மாலையும் இமையைப் பாருங்கள், உடம்பில் தடிப்பு முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான். இமை உப்பினால் உடனே கறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமென்றால், அதன் பாலையே பல மடங்கு நீர்த்துத் தோலுக்குள் ஒரு சொட்டு போட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. பால் அலர்ஜி என்றால் சில நிமிடத்தில் அந்த இடம் தடிக்கும். அதை டாக்டர் கையில் அட்ரினலினை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்.

இப்படி மாட்டின் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். மாட்டின் அலர்ஜி பால் வழியாக மனிதருக்கு வராது. ஊசி போட்ட நாள்களின் பாலை மட்டும் மருந்துச் சீட்டில் சொன்ன கெடு முடியும்வரை தள்ளிவிடுங்கள்.

ஆட்டுக்கு மாட்டின் தாது உப்பை வைக்கவே கூடாது. உங்கள் மேச்சேரி செம்மறி இனம். செம்மறி ஆட்டுக்குத் தாமிரத்தைப் பித்தநீரில் வெளியே தள்ளும் திறன் மிகக் குறைவு. மாட்டுக்குச் சரியான தாமிரம் ஆட்டின் ஈரலில் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும். நன்றாகக் கொழுத்து நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் மழையில் நனைந்ததும், வண்டியில் ஏற்றியதும், ஏதோ ஒரு அதிர்ச்சியில் ஈரல் அவ்வளவையும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணு உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஒன்றிரண்டு நாளில் ஆடு போய்விடும். அந்த நிலையில் வந்தால் என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிந்ததில்லை. செம்மறிக்கென்று தாமிரம் குறைத்துச் செய்த கலவை தனியாக விற்கிறது, கேட்டு வாங்குங்கள். மாட்டுத் தொட்டியில் மீந்த தீவனத்தை ஆடு வந்து நக்கும் பழக்கம் இருந்தால், ராத்திரி தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

கன்று போட்டதும் மாடு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கிடாரியாக இருந்தால் அதன் காதுத்தோட்டு எண்ணுக்கு நேராகத் தாய்க்குப் பால் அலர்ஜி என்று மகளை நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்து அதற்குப் பால் வற்றவிடும்போது அந்தப் பக்கத்தை யாராவது புரட்ட வேண்டியிருக்கும்.